கார்டைக் கழற்றும் முன்

மத்தூர், போச்சம்பள்ளி, பர்கூர் வட்டாரத்தில் லைன் நின்றுபோனால் முதலில் கை போவது ரௌட்டரின் பின்பக்கத்துக்குத்தான். அங்கே செருகியிருக்கும் இன்டர்ஃபேஸ் கார்டின் இரண்டு திருகுகளையும் தளர்த்தி, வெளியே இழுத்து, வாயால் ஊதி, மறுபடி செருகிவிட்டு "இப்பப் பாருங்க சார்" என்பார்கள். சில நேரம் லைன் வந்தும்விடும். வந்துவிடுவதுதான் தொல்லை. கார்டைக் கழற்றியதால் வந்ததா, கழற்றும்போது கேபிள் அசைந்ததால் வந்ததா, அந்நேரம் பார்த்து எக்ஸ்சேஞ்சில் யாரோ மோடத்தை ரீசெட் செய்ததால் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அதே லைன் மறுபடி நிற்கும்.

கார்டு பழுதாவதே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கார்டின் மேல் பழி விழுந்த இடங்களில் பெரும்பாலும் குற்றவாளி கேபிளாகவோ, கிளாக்காகவோ, எர்த்தாகவோ, மறுமுனையாகவோதான் இருக்கும். என்ன நடந்தது என்பதை ரௌட்டர் தன் திரையில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும். அதைப் படிக்காமல் கார்டைக் கழற்றினால் அந்தச் சாட்சியமும் அழிந்துபோகும்.

இந்தப் பக்கம் இன்னும் ஏன் கார்டுகள்

பெருநகரத்து அலுவலகங்களில் ஃபைபர் நேராக ஈதர்நெட் போர்ட்டில் வந்து இறங்குகிறது. கார்டு என்ற பேச்சே குறைந்துவிட்டது. ஓசூர் - கிருஷ்ணகிரி தொழில் வட்டாரம் அப்படியில்லை. ஓசூர் சிப்காட்டில் பல தலைமுறை ரௌட்டர்கள் ஒரே ரேக்கில் உட்கார்ந்திருக்கும். தொழிற்சாலையின் இபிஏபிஎக்ஸுக்கு 30 சேனல் பிஆர்ஐ லைன், தலைமை அலுவலகத்துக்கு ஒரு 2 எம்பி லீஸ்டு லைன், அது நின்றால் கைகொடுக்க ஒரு 4ஜி கார்டு என்று மூன்று காலத்துச் சரக்கும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்.

அரசு அலுவலகங்களுக்கும் இதே கதைதான். மாநில அகலப் பரப்பு வலையமைப்புத் திட்டத்துக்கு 2005 மார்ச்சில் மத்திய அரசு ஒப்புதல் தந்தபோது, மாநிலத் தலைநகரிலிருந்து மாவட்டம் வழியாக ஒன்றியம் வரை ஒவ்வோர் இணைப்பும் குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். மத்தூர் ஓர் ஒன்றியத் தலைமையிடம். இப்படிப்பட்ட ஊர்களுக்கு வலையமைப்பு என்று முதலில் வந்து சேர்ந்தது அந்த 2 எம்பி அளவுதான். கிராமப்புறத்தில் வேலை கற்றுக்கொள்ளும் ஒரு டெக்னீஷியன் இன்றைக்கும் அந்த 2 எம்பி லைனைச் சுமக்கும் ஈ1 கார்டையும் வி.35 கேபிளையும் சந்திக்காமல் தப்ப முடியாது.

எது எதில் உட்காரும்

இங்கே அதிகம் கண்ணில் படுவது சிஸ்கோ என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மற்ற கம்பெனிப் பெட்டிகளிலும் தர்க்கம் ஒன்றுதான், கட்டளைதான் மாறும். கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தந்திருக்கிறேன்.

2004-இல் வந்த 1800, 2800, 3800 வரிசைகளின் ஸ்லாட்டுக்கு எச்-விக் என்று பெயர். அதற்கு முந்தைய விக் கார்டுகளில் பெரும்பாலானவை அதில் உட்காரும். 2009-இல் வந்த 1900, 2900, 3900 வரிசைகளில் இ-எச்-விக் ஸ்லாட். எச்-விக் கார்டுகளில் பல அதில் ஓடும். பழைய விக்குகளில் சிலதான் ஓடும். அடுத்து வந்த 4000 வரிசையில் நிம் என்ற புது அளவு. பழைய கார்டு எதுவும் அதற்குள் போகாது, அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை.

ஸ்லாட்டில் உட்கார்ந்துவிட்டது என்பதாலேயே ரௌட்டர் அதை ஏற்றுக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். ரௌட்டரின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ்ஸின் பதிப்பு அந்தக் கார்டுக்கு முந்தையதாக இருந்தால் கார்டு இருப்பதே அதற்குத் தெரியாது. 'ஷோ இன்வென்டரி' என்று அடித்துப் பாருங்கள். கார்டின் பெயரும் வரிசை எண்ணும் வந்தால் ரௌட்டர் அதை அடையாளம் கண்டுவிட்டது. வராவிட்டால் 'ஷோ டயக்' பாருங்கள். அதிலும் இல்லையென்றால் கரண்டை நிறுத்திவிட்டு ஸ்லாட்டை மாற்றிப் பார்க்கலாம். ஒரே கார்டு இரண்டு ஸ்லாட்டிலும் தெரியவில்லை, அதே ஸ்லாட்டில் வேறு கார்டு தெரிகிறது என்றால் கார்டு போய்விட்டது என்று அப்போது சொல்லலாம், அதுவும் ஐஓஎஸ் பதிப்பைப் பார்த்த பிறகு.

செருகும்போது

விக், எச்-விக், இ-எச்-விக் எதையும் ரௌட்டர் ஓடும்போது கழற்றக் கூடாது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பவர் கார்டையும் பிடுங்கிவிடுங்கள். 4000 வரிசையின் நிம் கார்டை ஓடும்போதே மாற்றலாம், ஆனால் அதற்கும் முதலில் 'எச்டபிள்யூ-மாட்யூல் சப்ஸ்லாட் 0/1 ஸ்டாப்' என்று கொடுத்து, கார்டு நின்ற பிறகே இழுக்க வேண்டும்.

கார்டின் இரண்டு பக்கத் திருகுகளையும் கடைசி வரை முடுக்குங்கள். அரைகுறையாக முடுக்கிய கார்டு, பக்கத்தில் பிரஸ் மிஷின் ஓடும் நேரத்தில் மட்டும் தகராறு செய்யும். ஷிஃப்ட் ஆரம்பித்தால் லைன் விழுகிறது, முடிந்தால் வருகிறது என்று யாராவது சொன்னால் முதலில் திருகைப் பாருங்கள்.

ஜெகதேவி பக்கத்துக் கிரானைட் பாலிஷ் பட்டறைகளில் இன்னொரு சங்கடம். அறுக்கும்போது எழும் தூசி நீரில் கலந்து, காய்ந்து, மாவாகி எல்லா இடத்திலும் படியும். காலி ஸ்லாட்டை மூடும் தகடு ஒன்றுகூட இல்லாத ரௌட்டரை அங்கே அடிக்கடி பார்க்கலாம். அந்தத் தகடு அழகுக்கு வைத்ததல்ல. ஸ்லாட் திறந்திருந்தால் விசிறி இழுக்கும் காற்று கார்டுகளின் மேல் போகாமல் குறுக்குவழியில் போய்விடும்; தூசியும் பல்லியும் உள்ளே வரும். பட்டறை கம்பிரசர் காற்றை அடித்துச் சுத்தம் செய்ய வேண்டாம், அதில் ஈரமும் எண்ணெயும் இருக்கும். மெல்லிய தூரிகை போதும்.

பெயரும் எண்ணும்

ஸ்லாட் எண் ஸ்லாட்டின் ஓரத்திலேயே அச்சிட்டிருக்கும். இடமிருந்து வலமாக எண்ணும் பழக்கத்தில் நீங்களாக எண்ணிக்கொள்ளாதீர்கள், பல மாடல்களில் அது வலமிருந்து இடமாகப் போகும். 2800-இல் முதல் ஸ்லாட்டிலுள்ள சீரியல் கார்டின் முதல் போர்ட் 'சீரியல் 0/0/0'. அதே கார்டை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினால் 'சீரியல் 0/1/0'. பழைய பெயரில் எழுதிய கான்ஃபிகரேஷன் கார்டோடு சேர்ந்து நகராது.

இதில் ஒரு பெரிய குழி இருக்கிறது. கார்டைக் கழற்றி வைத்துவிட்டு ரௌட்டரை ஆன் செய்கிறீர்கள். இல்லாத கார்டுக்கு எழுதிய வரிகளை ரௌட்டர் ஏற்காமல் தள்ளிவிடும். அந்த நிலையில் வேறு ஏதோ சின்ன மாற்றம் செய்துவிட்டு 'ரைட் மெமரி' அடித்தால், பழைய வரிகள் நிரந்தரமாகப் போய்விடும். மறுநாள் கார்டைத் திரும்பச் செருகினால் லைன் வராது. கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். உண்மையில் ஐபி முகவரிதான் காணாமல் போயிருக்கும். கார்டில் கை வைக்கும் முன் 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' எடுத்து லேப்டாப்பில் சேமியுங்கள். முடிந்தால் ஒரு பிரதி அச்சிட்டு ரேக்கின் கதவில் ஒட்டிவிடுங்கள், கடவுச்சொல் வரிகளை அடித்துவிட்டு.

ஈதர்நெட் சுவிட்ச் கார்டு பற்றி ஒரு வார்த்தை. நான்கு போர்ட் கார்டைச் செருகிவிட்டு 'ஐபி அட்ரஸ்' போட முடியவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. அந்தப் போர்ட்கள் சுவிட்ச் போர்ட்கள். முகவரியை விலான் இன்டர்ஃபேஸில்தான் கொடுக்க வேண்டும். போர்ட்டிலேயே முகவரி வேண்டுமென்றால் அதற்கு வேறு கார்டு வாங்க வேண்டும்.

ஈ1 கார்டு

இந்த வட்டாரத்தில் அதிக நேரத்தை விழுங்குவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஈ1 என்பது 2048 கேபிபிஎஸ் ஓட்டம். அது 32 டைம்ஸ்லாட்டுகளாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றும் 64 கேபிபிஎஸ். 0-ஆவது டைம்ஸ்லாட் ஃப்ரேமின் தொடக்கத்தை அடையாளம் காட்டுவதற்கு. பிஆர்ஐ-யில் 16-ஆவது டைம்ஸ்லாட் சிக்னலிங்குக்குப் போகும். மீதி 30-இல் குரல்.

புதிதாக வி-விக்-2 என்ற ஈ1 கார்டைப் போட்டவர்கள் முதலில் திணறும் இடம்: 'கண்ட்ரோலர் ஈ1 0/0/0' என்று அடித்தால் அப்படி ஒன்று இல்லை என்று ரௌட்டர் சொல்லும். கார்டு போச்சு என்று பெட்டியை மூடிவிடுவார்கள். இந்தக் கார்டு அமெரிக்க டி1 ஆகவும் ஓடும், நம் ஈ1 ஆகவும் ஓடும். எதுவாக ஓட வேண்டும் என்று நீங்கள் சொல்லும்வரை அது ஒன்றுமாக இராது. சொல்ல வேண்டியது ஒரு வரி. மொத்தமாகப் பார்த்தால் டேட்டா லைனுக்கு இப்படி வரும்:

கார்டு டைப் ஈ1 0 0
கண்ட்ரோலர் ஈ1 0/0/0
ஃப்ரேமிங் நோ-சிஆர்சி4
கிளாக் சோர்ஸ் லைன்
சேனல்-குரூப் 0 டைம்ஸ்லாட்ஸ் 1-31
இன்டர்ஃபேஸ் சீரியல் 0/0/0:0
என்கேப்சுலேஷன் பிபிபி

ஒவ்வொரு வரியிலும் ஒரு தகராறு ஒளிந்திருக்கிறது. 'கார்டு டைப்' ஒருமுறை போட்ட பின் மாற்றினால் ரௌட்டரை மறுபடி துவக்க வேண்டும். ஃப்ரேமிங்கை நீங்கள் தொடாவிட்டால் சிஸ்கோ சிஆர்சி4 என்று வைத்துக்கொள்ளும். மறுமுனை அப்படி இல்லையென்றால் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். லைன் ஃப்ரேம் இல்லாமல் வருகிறது என்றால் 'சேனல்-குரூப் 0 அன்ஃப்ரேம்டு' என்று கொடுக்க வேண்டும், அப்போது முழு 2048-உம் கிடைக்கும். 1-31 என்று கொடுத்தால் 1984 கேபிபிஎஸ். இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதைச் சேவை தருபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லைன்மேன் நினைவில் இருப்பது பக்கத்துக் கம்பெனியின் லைனாக இருக்கலாம்.

என்கேப்சுலேஷன் சொல்லாவிட்டால் சிஸ்கோ தன் சொந்த எச்டிஎல்சி-யில் பேசும். மறுமுனையிலும் சிஸ்கோ என்றால் பரவாயில்லை. வேறு கம்பெனிப் பெட்டி என்றால் பிபிபி போட்டால்தான் வேலை நடக்கும்.

கிளாக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டெலிகாம் லைனில் கிளாக் எப்போதும் அவர்களிடமிருந்து வர வேண்டும். இரண்டு முனையும் 'லைன்' என்று இருக்க வேண்டும். ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடத்துக்கு நீங்களே சொந்தமாக இழுத்த செம்புக் கம்பி என்றால் ஒரு முனை 'இன்டர்னல்', மறுமுனை 'லைன்'. இரண்டும் இன்டர்னல் என்றால் இரண்டு கடிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, அவ்வப்போது ஒரு முழு ஃப்ரேம், அதாவது 256 பிட், தொலையும் அல்லது இரண்டு முறை வரும். அதற்குப் பெயர் ஸ்லிப். டேட்டாவில் அது சிஆர்சி பிழையாகத் தெரியும். குரலில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஃபேக்ஸ் போகவே போகாது. பிஆர்ஐ கார்டில் 'நெட்வொர்க்-கிளாக்-பார்ட்டிசிபேட் விக் 0' என்ற வரியை மறந்தாலும் இதே நோய்தான் வரும். 'ஷோ கண்ட்ரோலர்ஸ் ஈ1' அடித்து 'ஸ்லிப் செக்ஸ்' எண்ணைப் பாருங்கள். அது ஏறுகிறது, மற்ற பிழைகள் இல்லை என்றால் நேராகக் கிளாக்குக்குப் போகலாம். கார்டைத் தொட வேண்டாம்.

மூன்று அலாரம்

பர்கூர் பக்கத்து ஆலை ஒன்றின் எலக்ட்ரீஷியனுக்கும், ஓசூரிலிருந்து அவரோடு பேசும் நெட்வொர்க் ஆளுக்கும் நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"பச்சை எரியுதுங்க சார், ஆனா மெயில் போகலைங்க."

"எந்தப் பெட்டியில பச்சைங்கண்ணா? மோடத்துலயா, ரௌட்டர்லயா?"

"மோடத்துலங்க. ரௌட்டர் பின்னாடி 'ஏ எல்'னு போட்ட எடத்துல மஞ்சள் எரியுதுங்க."

"சரிங்கண்ணா, எதையும் புடுங்கிடாதீங்க. நான் உள்ள போய்ப் பாக்கறேன்."

'ஏ எல்' என்றால் அலாரம். கார்டு உயிரோடு இருக்கிறது, தகராறு இருப்பதைச் சொல்கிறது. எந்த அலாரம் என்று 'ஷோ கண்ட்ரோலர்ஸ் ஈ1' சொல்லும்.

'ரிசீவர் ஹேஸ் லாஸ் ஆஃப் சிக்னல்' என்றால் நம் காதுக்கு ஒன்றும் விழவில்லை. அறைக்குள்ளேயே தேடுங்கள்: கேபிள், கன்வெர்ட்டர், மோடத்தின் கரண்ட். ஏஐஎஸ் என்றால் நடுவில் இருக்கும் டெலிகாம் கருவி உயிரோடு இருக்கிறது, அதற்கு அப்பால் அறுந்துவிட்டது. உங்கள் அறையில் செய்ய ஒன்றுமில்லை, புகாரைப் பதிவு செய்யுங்கள். 'ரிசீவர் ஹேஸ் ரிமோட் அலாரம்' என்றால் மறுமுனை பேசுவது நமக்குக் கேட்கிறது, நாம் பேசுவது அதற்குக் கேட்கவில்லை. நம்முடைய அனுப்பும் ஜோடியில் பழுது. இந்த மூன்றாவது அலாரம் 0-ஆவது டைம்ஸ்லாட்டில் பயணிப்பதால், அன்ஃப்ரேம்டு லைனில் அது தெரியாது.

அனுப்பும் ஜோடி, வாங்கும் ஜோடி என்று சொன்னதால் பின் எண்களையும் சொல்லிவிடுகிறேன். ஈ1 கார்டின் ஆர்ஜே போர்ட்டில் 1, 2 வாங்குவது. 4, 5 அனுப்புவது. ஈதர்நெட் கிராஸ் கேபிள் 1-ஐ 3-க்கும் 2-ஐ 6-க்கும் மாற்றுவதால் இங்கே உதவாது. கிராஸ் தேவைப்பட்டால் 1-ஐ 4-க்கும், 2-ஐ 5-க்கும் நீங்களே கிரிம்ப் செய்துகொள்ள வேண்டும்.

அப்படியே ஒரு லூப் பிளக்கும் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கனெக்டரில் ஒரு விரல் நீள ஒயரால் 1-ஐயும் 4-ஐயும், இன்னொன்றால் 2-ஐயும் 5-ஐயும் இணைத்தால் வேலை முடிந்தது. அதைக் கார்டில் செருகி, கிளாக் சோர்ஸைத் தற்காலிகமாக 'இன்டர்னல்' ஆக்குங்கள். அலாரம் அணைந்து கண்ட்ரோலர் 'அப்' ஆகிவிட்டால் கார்டு நிரபராதி. சில ரூபாய் விலையுள்ள இந்தப் பிளக் இல்லாமல் கார்டை மாற்றச் சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம். சோதனை முடிந்ததும் கிளாக்கை மறக்காமல் 'லைன்' ஆக்குங்கள்.

கன்வெர்ட்டர் வழியாக வரும் லைனில் இன்னொன்றையும் பாருங்கள். ஆர்ஜே பக்கம் 120 ஓம், பிஎன்சி பக்கம் 75 ஓம். கன்வெர்ட்டரின் சின்ன டிப் சுவிட்ச் தவறான பக்கம் இருந்தாலும் லைன் வந்துவிடும், ஆனால் பிழையோடு வரும். இதை நாள்கணக்கில் தேடியவர்கள் உண்டு.

வி.35 சீரியல் கார்டு

'ஷோ இன்டர்ஃபேஸ் சீரியல் 0/0/0' திரையின் கடைசி வரியை முதலில் படியுங்கள். டிசிடி, டிஎஸ்ஆர், டிடிஆர், ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்று ஐந்து பெயர்கள் வரிசையாக இருக்கும். டிஎஸ்ஆர் 'டவுன்' என்றால் மோடத்துக்குக் கரண்ட் இல்லை அல்லது கேபிள் கழன்றிருக்கிறது. டிஎஸ்ஆர் 'அப்', டிசிடி 'டவுன்' என்றால் மோடம் நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு எக்ஸ்சேஞ்ச் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. ஐந்தும் 'அப்', ஆனால் முதல் வரியில் 'லைன் புரோட்டோகால் இஸ் டவுன்' என்றால் என்கேப்சுலேஷன், கிளாக், மறுமுனை, இந்த மூன்றில் ஒன்று. 'ஷோ கண்ட்ரோலர்ஸ் சீரியல் 0/0/0' கேபிள் டிடிஇ-யா டிசிஇ-யா என்றும், கிளாக் வருகிறதா நின்றுவிட்டதா என்றும் சொல்லிவிடும். மோடத்தோடு சேரும் ரௌட்டர் எப்போதும் டிடிஇ.

பிழை எண்ணிக்கையை வைத்து வாதாடும் முன் 'கிளியர் கவுண்டர்ஸ்' கொடுங்கள். போன வருட மழையின் பிழைகள் இன்றைய கணக்கில் நிற்க வேண்டாம். வந்து சேரும் டிராஃபிக்கில் 1 சதவீதத்துக்கு மேல் உள்ளீட்டுப் பிழை இருந்தால் லைனில் கோளாறு இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

மோடத்தின் லூப் பொத்தானை அழுத்திச் சோதிக்கும்போது என்கேப்சுலேஷனை எச்டிஎல்சி ஆக்கிக்கொள்ளுங்கள். லைன் 'அப் (லூப்டு)' என்று காட்டினால், நம் முகவரிக்கே நாம் பிங் அடிக்கலாம். நீட்டிப்புப் பிங்கில் அளவை 1500 ஆக்கி, டேட்டா வடிவத்தை முழுக்கப் பூஜ்யமாகவும், பிறகு முழுக்க ஒன்றாகவும் வைத்துப் பாருங்கள். சாதாரணப் பிங் சரியாகப் போய், முழுப் பூஜ்யம் மட்டும் விழுந்தால் லைன் கோடு அல்லது கிளாக் கோளாறு. எக்ஸ்சேஞ்ச் ஆட்களிடம் இதைச் சொன்னால் பேச்சு அங்கேயே மாறிவிடும்.

எர்த், இடி, மாம்பழம்

கிருஷ்ணகிரிக் கிரானைட் கப்பல் ஏறுவது ஊருக்குப் பெருமை. எர்த் குழி தோண்டுபவருக்கு அதுவே தலைவலி. சில அடியில் பாறை தட்டிவிடும், மேல்மண் கோடையில் காய்ந்துவிடும். ஒரே குழியில் ரெசிஸ்டன்ஸை இறக்க முடியாது. இரண்டு மூன்று குழிகளை ஜிஐ பட்டையால் இணைத்து, பெண்டோனைட் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆலைக்கு எர்த் போடுபவர் ஐஎஸ் 3043 விதிகளின்படி செய்கிறாரா என்று கேளுங்கள். ரேக்கில் மல்டிமீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நெட்வொர்க் வேலையை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கோடை இடிமழை இங்கே ஏப்ரல், மே மாதங்களில் வரும். மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா மாம்பழத்தை இரவு பகலாக அரைப்பதும் அதை ஒட்டியே தொடங்குகிறது. லாரி வாசலில் நிற்கும்போது எடைச்சீட்டு போடும் கணினிக்கு லைன் இல்லை என்றால் அந்த நேரத்தில் உங்களோடு யாரும் மரியாதையாகப் பேச மாட்டார்கள். செம்புக் கம்பியில் வரும் இடி மோடத்தைத் தாண்டி வி.35 கேபிள் வழியாகக் கார்டின் டிரைவர் சிப்பைச் சுட்டுவிடும். அப்படிச் சுட்ட கார்டு 'ஷோ இன்வென்டரி'யில் நன்றாகத் தெரியும், ஆனால் நல்ல மோடத்தோடு சேர்த்தாலும் டிஎஸ்ஆர் எழாது. இரண்டு போர்ட் கார்டு என்றால் கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்; அங்கே எழுந்துவிட்டால் முதல் போர்ட்டுக்கு வழியனுப்பு விழா நடத்திவிடலாம். செம்புக் கம்பி வந்து சேரும் க்ரோன் பெட்டியில் சர்ஜ் அரெஸ்டர் போடுங்கள். அதற்கு எர்த் கொடுக்காமல் போட்டால் போட்டதும் போடாததும் ஒன்று. சீசன் தொடங்கும் முன், ஏப்ரல் முதல் வாரத்துக்குள், இந்த வேலைகளை முடித்துவிடுங்கள்.

எல்லை தாண்டும் லைன்

ஓசூரிலிருந்து பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவுதான். ஆனால் ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடக டெலிகாம் சர்க்கிள். மத்தூரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் கோயம்புத்தூருக்குப் போகும் லைன் ஒரே சர்க்கிளுக்குள் போகிறது. பக்கத்துப் பெங்களூருக்குப் போகும் லைன் சர்க்கிள் விட்டுச் சர்க்கிள் போகும் தேசிய நெடுந்தொலைவுக் கணக்கில் வருகிறது. கட்டணத்தில் மட்டுமல்ல, பழுது பார்ப்பதிலும் இது தெரியும். இந்த முனை ஆட்கள் "எங்க பக்கம் ஓகே" என்பார்கள், அந்த முனை ஆட்களும் அதையே சொல்வார்கள்.

இதற்கு ஒரே மருந்து துண்டு துண்டாக லூப் கேட்பது. முதலில் உங்கள் எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்களை நோக்கி லூப் கேளுங்கள். திரையில் 'லூப்டு' வந்து பிழையும் இல்லையென்றால் அதுவரை நல்லது. அடுத்து சர்க்கிள் கைமாறும் இடத்தில் லூப் கேளுங்கள், அதன்பின் அந்தப் பக்கத்து எக்ஸ்சேஞ்சில். எந்த லூப்பில் பிழை தொடங்குகிறதோ அந்தத் துண்டுதான் பழுது. புகார் கொடுக்கும்போது சர்க்யூட் ஐடி, இரண்டு முனை முகவரி, எந்த நேரத்தில் எந்த லூப் தந்தார்கள், அப்போது பிழை எத்தனை என்பதை ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மாற்று வழியாக 4ஜி கார்டு வைத்திருப்பவர்களுக்கும் எல்லை தொல்லைதான். எல்லை ஓரத்தில் கார்டு பக்கத்து மாநில டவரைப் பிடித்துக்கொள்ளலாம். 'ஷோ செல்லுலார் 0/1/0 ஆல்' கொடுத்து ரோமிங்கில் இருக்கிறதா, சிக்னல் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி எவ்வளவு என்று பாருங்கள். -80 அருகே என்றால் நல்ல சிக்னல். -110-க்குக் கீழே போனால் ஆன்டெனாவைத் தகரக் கூரைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். ரேக்கின் இரும்புக் கதவுக்குள் ஆன்டெனாவை வைத்துவிட்டு சிம்மைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

பழைய கார்டு வாங்குவது

ஓசூர்க்காரர்கள் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்கும், மற்றவர்கள் சென்னை ரிச்சி தெருவுக்கும் போவார்கள். போகலாம், கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். 2008 பிப்ரவரியில் அமெரிக்க அரசு அறிவித்த போலி சிஸ்கோ வேட்டையில் 400-க்கும் மேற்பட்ட பறிமுதல்கள், 7.6 கோடி டாலருக்கும் மேல் சந்தை மதிப்பு. போலி செய்தவர்களுக்கு விக் கார்டுகள் பிடித்தமான சரக்கு. சின்னது, விலை அதிகம், சோதிப்பவர் குறைவு.

கடையிலேயே ஒரு ரௌட்டரில் போட்டு 'ஷோ இன்வென்டரி' பாருங்கள். திரையில் வரும் வரிசை எண்ணும் கார்டின் ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சிஸ்கோ எண்ணில் முதல் மூன்று எழுத்து ஆலையைக் குறிக்கும். அடுத்த இரண்டு இலக்கத்தோடு 1996-ஐக் கூட்டினால் வருடம். அதற்கடுத்த இரண்டு இலக்கம் வாரம். எஃப்ஓசி1025 என்று தொடங்கினால் 2006-ஆம் வருடத்தின் 25-ஆவது வாரத்தில் செய்தது. "ஒரு வருஷம்தான் ஓடுச்சு" என்று கடைக்காரர் சொல்லும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.

2900 வரிசை விற்பனை 2017 டிசம்பரில் நின்றது. சிஸ்கோவின் ஆதரவு 2022 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் அடைக்கப் போவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஈ1 லைனுக்குச் சோதித்துப் பார்த்த உபரிக் கார்டு ஒன்றும் லூப் பிளக் ஒன்றும் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பழைய கார்டுகளில் பணம் போடாதீர்கள். அடுத்த முறை லீஸ்டு லைன் ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது ஈதர்நெட்டில் இறக்கித் தரச் சொல்லுங்கள், பிஆர்ஐ-க்குப் பதில் எஸ்ஐபி டிரங்க் கேளுங்கள். விலைப்புள்ளி வாங்கும் நாளிலேயே அதை எழுத்தில் கேட்டுவிடுங்கள்.